சுகர் இல்லாத வீடு

எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா நடக்கக் கூடாது. இடுப்பில் குடம் இருந்தால் நடக்கலாம். கையில் பை இருந்தால் நடக்கலாம். துக்கம் விசாரிக்க நடக்கலாம், ரேஷன் கடைக்கு நடக்கலாம், பஸ்ஸைத் தவறவிட்டால் நடக்கலாம். உடம்புக்காக நடக்கிறேன் என்று வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் மட்டும் எதிரே வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். “என்னங்க, நடக்குறீங்க? சுகரா?” என்பார்கள். கேட்பதில் அக்கறை சொட்டும். அன்று சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் செய்தி போயிருக்கும்.

எனக்கு சுகர்தான். ஏழெட்டு வருடங்களாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அரியலூர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர். அதற்குக் காவல் அவருடைய அக்கா, என் நாத்தனார். காரணம் என் மகள். அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அம்மாவுக்கு சுகர் என்றால் பெண்ணுக்கும் வரும், பெண்ணுக்கு வந்தால் பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களாம்.

“பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் நீ நடப்பியோ ஓடுவியோ, யாரு கேக்கப் போறா?” என்றார் நாத்தனார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று சொல்லிவைத்தவன் நிச்சயம் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஆயிரத்தையும் எந்த உடம்புக்குள் ஒளித்துவைப்பது என்று அவன் சொல்லவில்லை.

இரத்தம் பார்க்க அரியலூரில் இடமில்லாமல் இல்லை. ஆனால் இங்கே எந்த லேப்புக்குள் நுழைந்தாலும் ஒரு தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும். அதனால் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் பெரம்பலூர் போவேன். அங்கே லேப் பெஞ்சில் என்னைப் போலவே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்து விழிக்கும் பெண்கள் இருப்பார்கள். ஒருத்தியும் உள்ளூர்க்காரியாகத் தெரிய மாட்டாள். பெரம்பலூர்க்காரிகள் அந்நேரம் அரியலூருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். இப்படி எங்கள் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று இரத்தம் கொடுத்து வாழ்கின்றன.

அங்கே ஒரு டாக்டரம்மா. என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் என்னைப் பயமுறுத்தியதில்லை. “தட்டுல பாதி காயா இருக்கட்டும். மிச்சத்துல ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு பருப்பு, சுண்டல், முட்டை ஏதாவது. தினமும் நடங்க. மாத்திரையை விட்டுடாதீங்க. இதுல மந்திரம் ஒண்ணும் இல்லைங்கம்மா” என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து அதுதான் என் வழி. வெந்தயத்தை ஊறவை, பாகற்காயைப் பிழிந்து குடி, ஆவாரம்பூவைக் காய்ச்சு என்று போனில் வந்து விழும் வைத்தியங்களில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. பாகற்காயைப் பொரியலாகத் தின்றேன். அது காய், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வழியை என் வீட்டில் நடத்துவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று அரிசியிலேயே புரளும் வீடு. நான் தட்டில் கீரையைக் குவித்தால் கணவர் உற்றுப் பார்ப்பார். “ஏன், நெல்லுச் சோறு எறங்க மாட்டேங்குதா? மாடு மாதிரி தழையத் திங்கிறே?” என்பார். கம்பங்கூழ் காய்ச்சினால், பஞ்சத்தில் அடிபட்ட குடும்பமா இது என்பார். கம்பும் வரகும் விளைந்த காட்டிலெல்லாம் இப்போது மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. அந்தக் கம்பையே பளபளக்கும் பாக்கெட்டில் போட்டு, வெளியே ஒரு சினிமாக்காரி சிரிக்கும் படத்தை ஒட்டிக் கொடுத்தால் அவரும் வாங்கி வருவார்.

விசேஷ வீடுகள் இன்னும் மோசம். பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் பரிமாறுகிறவன் கரண்டியோடு நின்று, “ஏங்க, சுகரா?” என்று பந்திக்கே கேட்கும்படி விசாரிப்பான். நாத்தனார் எதிர் வரிசையிலிருந்து கண்ணால் மிரட்டுவார். நான் டம்ளரை நீட்டி வாங்கிக் குடிப்பேன். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தலை சுற்ற, நாக்கு வறள, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பேன். கௌரவம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்பதுதான் எனக்கு ஆற மாட்டாத கோபம். என் கணவரும் அவர் கூட்டாளிகளும் காலையில் மைதானத்துக்கு வாக்கிங் போகிறார்கள். அரைக்கால் சட்டை, புது ஷூ, காதில் பாட்டு. இரண்டு சுற்று நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு போண்டா, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அதற்கு உடற்பயிற்சி என்று பெயர். ஊரில் ஒருவரும் அவரை நிறுத்தி சுகரா என்று கேட்டதில்லை. “அண்ணன் உடம்பை நல்லா வச்சிருக்காரு” என்பார்கள். வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

நானும் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். எங்கள் வீடு கல்லங்குறிச்சிப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது. பெருமாளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி நடக்க ஆரம்பித்தேன். பக்தி என்றால் எங்கள் ஊரில் எவ்வளவு தூரமும் நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிடும் புழுதியைத் தின்றுகொண்டு, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, கால் வேகம் எடுத்து, முதுகு வியர்த்து, மனசு லேசாகிப் போன அந்தக் காலைகள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன. கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் சந்தோஷமாக இருக்கும். உள்ளே போனால் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கையில் வந்து விழும். பெருமாளுக்குமா என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார் என்று எரிச்சலாக வரும். பொங்கலை எவர் வீட்டுப் பிள்ளைக்காவது கொடுத்துவிட்டுத் திரும்புவேன்.

சனிக்கிழமை மட்டும் போயிருந்தால் தப்பித்திருப்பேன். ஆசை யாரை விட்டது? தினமும் போனேன். மாசம் முடிவதற்குள் நாத்தனாரிடம் யாரோ, “ஒங்க தம்பி பொண்டாட்டி டெய்லி நடக்குறாங்களே, டாக்டர் சொன்னாரா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “நல்ல நல்ல எடமெல்லாம் வர்ற நேரத்துல இப்படி வெளம்பரம் பண்ணிட்டுத் திரியுறியே, ஒனக்கே நல்லா இருக்கா? பெத்தவதானே நீ?” என்றார். என் கணவர், “நாளைலேருந்து படி தாண்டாதே” என்று முடித்துவிட்டார். மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தாள்.

அப்புறம் மொட்டை மாடிதான் மிச்சம். விளக்கு வைக்கிற நேரத்தில் மேலே போய், துணிக்கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் செக்குமாடு மாதிரி சுற்றுவேன். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது, வெறுங்காலோடு நட என்றார் கணவர். நடந்தேன். மாடியில் கடைச் சாமானின் உதிரிகள் மூலைக்கு மூலை கிடக்கும். ஒருநாள் நடந்து முடித்துக் கீழே இறங்கி, அடுப்படியில் நின்று சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தேன். மகள் அலறினாள். மாடிப்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையெல்லாம் இரத்தக் கால்தடம். என் வலது பாதத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி தலை மட்டும் தெரியும்படி ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. வலி இல்லை. அந்தக் காலில் உணர்ச்சி செத்துக்கொண்டே வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

பெரம்பலூர் டாக்டரம்மாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்ததை அன்று பார்த்தேன். புண்ணைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, “வெறுங்காலோட நடக்கச் சொன்னது யாருங்க? இது ஆறலேன்னா விரலோட நிக்காது, தெரியுமா? செருப்புப் போட்டு, வெளிச்சத்துல, நல்ல தரையில நடக்கணும். காலு வேணுமா, வேண்டாமா?” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரியலூர் நெருங்கும்போது, “ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வராங்க. கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்லிக்குவோம்” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கணவர் என் காலையே மறைத்துவிடத் தயாராக இருந்தார். அந்த பஸ்ஸிலேயே அவரை ஓங்கி ஒரு அறை அறைந்திருக்கலாமா என்று இப்போதும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை வீடு பெரம்பலூர்ப் பக்கம். பையன் சென்னையில் வேலை, அவனுக்குக் கீழே ஒரு தம்பி. மகளும் அவனும் அதற்கு முன்பே போனில் பேசியிருந்தார்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற விதத்திலேயே அது தெரிந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். இது உண்மை.

பெண் பார்க்கிற வீட்டில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேசரி வைப்பார்கள். வந்தவர்கள் அதை மீதி வைக்கக் கூடாது. மீதி வைத்தால் இந்த சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல மாட்டார்கள், தட்டு சொல்லிவிடும். அதே மாதிரி அவர்கள் கொண்டுவரும் லட்டைப் பெண்ணைப் பெற்றவள் எல்லார் முன்னாலும் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் நாங்கள் வேண்டாம் என்கிறோம் என்று அர்த்தம். ஒரு வார்த்தை கேட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிகிற காரியத்துக்கு இவ்வளவு சர்க்கரை.

கேசரி எடுத்து வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ வேண்டும் என்றார். கொல்லைப் பக்கம் குழாயைக் காட்டிவிட்டு, துண்டு எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே நொண்டி நொண்டிப் போனேன். அவர் சுவர் பக்கம் திரும்பி நின்று, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்கினார். அந்த அட்டை எனக்குத் தெரியும். என் அரிசிப் பானைக்குள் அதே அட்டை ஒளிந்திருக்கிறது. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது.

“வாயுங்க. வாயு மாத்திரை” என்றார்.

“எனக்கும் அதே வாயுதாங்க” என்றேன்.

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் துண்டை வாங்கிக் கையைத் துடைத்தபோது என் விரலை லேசாக அழுத்தினார். எத்தனையோ வருடங்களில் என் உடம்பைப் பற்றி ஒருவரிடம் நான் பொய் சொல்லாமல் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். இந்த வீட்டுக்கு என் மகள் போனால் நன்றாக இருப்பாள் என்று நினைத்தேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். மகள் கேசரி கொண்டுவந்து வைத்தாள். நெய் மிதந்தது. மாப்பிள்ளையின் அத்தை, அவர்கள் பக்கத்துப் பேச்சாளர் அவர்தான், என் காலைப் பார்த்தார்.

“கால்ல என்ன கட்டு?”

“கண்ணாடி குத்திடுச்சுங்க” என்றார் என் கணவர்.

“அதுக்கா இம்புட்டுப் பெரிய கட்டு? சுகர் கிகர் ஏதும் இல்லையே? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுல யாருக்கும் கெடையாது. அதனாலதான் கேக்குறேன்” என்றார் அத்தை. பிறகு பக்கத்தில் திரும்பி, “என்ன அண்ணி?” என்றார்.

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எங்க வூட்டுல யாருக்கும் இல்லைங்க” என்றார்.

“எங்க வூட்டுலயும் அந்தப் பேச்சே கெடையாதுங்க” என்றார் என் கணவர். நாத்தனார் லட்டுப் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். “எடுத்து வாயில போடு” என்றார்.

லட்டைக் கையில் எடுத்தேன். என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கட்டுக்குள் இருந்த கால் ஞாபகம் வந்தது. அடுப்படி வரைக்கும் வந்த இரத்தம் ஞாபகம் வந்தது. லட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தேன்.

“எனக்கு சுகர் இருக்குங்க. ரொம்ப வருஷமா இருக்கு. ஆணி ஏறினதே தெரியல, அந்த அளவுக்குக் காலு மரத்துப் போச்சு. இனிமே இனிப்புத் தொட மாட்டேன், தினமும் நடக்கப் போறேன். எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கும் வராம இருக்கணும்னா இந்த வூட்டுல ஒருத்தியாவது உண்மையைச் சொல்லணும்” என்றேன்.

கணவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் பார்த்தது அந்தம்மாவை. சொல்லுங்க, நீங்களும் சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தை போதும். எனக்கும்தான் இருக்கு என்று அவர் சொன்னால் அத்தையின் வாய் அடைந்துபோகும், என் மகளுக்குக் கல்யாணம் நடக்கும், நாங்கள் இரண்டு பேரும் சம்பந்திகளாகச் சேர்ந்தே நடக்கப் போகலாம். அவர் தலை நிமிரவில்லை. கரண்டியை எடுத்தார். கேசரியைத் தின்ன ஆரம்பித்தார். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல், தட்டு துடைத்த மாதிரி ஆகும் வரைக்கும் தின்றார். எனக்கு எதுவும் இல்லை பார் என்று எல்லாருக்கும் காட்டுவதுபோல் தின்றார். அத்தை தன் தட்டைத் தொடவே இல்லை. அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் நாத்தனாருக்குப் போன் வந்தது. குடும்பத்தில் சீக்கு இருக்கிறதாம், ஜாதகமும் சரியாகப் பொருந்தவில்லையாம். நாத்தனார் என்னை என்னென்ன சொன்னார் என்று எழுதினால் அச்சில் வராது. கணவர், “ஒன் வாயை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா?” என்று கத்தினார். “அந்த அரை மணி நேரம் எட்டு வருஷமா நடக்குது” என்று நானும் கத்தினேன். அந்த வாரமே நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன். புண் ஆறியதும் பட்டப்பகலில் கல்லங்குறிச்சி சாலையில் இறங்கினேன். தடுக்க வந்தவரிடம், “நாளைக்கு எங் காலை எடுத்தா நீங்க தூக்கிட்டு நடப்பீங்களா?” என்று கேட்டேன். அதன்பிறகு அவர் தடுக்கவில்லை. பேசவும் இல்லை.

எனக்கு வலித்தது மகளின் மௌனம்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வேலைக்குப் போய்வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். ஒருநாள் சாயங்காலம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபமாகத்தான் கேட்டாள்.

“அந்தம்மா கொல்லையில மாத்திரை போட்டதை அடுப்படி ஜன்னல்லேருந்து நானும்தான் பாத்தேன். ஒன்னதைச் சொன்னியே, அவங்களதையும் அங்கேயே போட்டு ஒடைச்சிருக்கலாம்ல? ஏம்மா சொல்லல?”

கத்தியைக் கீழே வைத்தேன். சொல்லலாம் என்று எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தம்மா கேசரியின் கடைசிப் பருக்கையை வழித்தபோது, மாத்திரை இருந்த கைப்பையை இடது கையால் மடியோடு இறுக்கிப் பிடித்திருந்ததையும் நான் பார்த்தேன்.

“அவங்களுக்கு இன்னொரு பையனும் இருக்கான்டி” என்றேன். “ரெண்டு பேருக்கும் பொண்ணு அமையிற வரைக்கும், போற வூட்டுலயெல்லாம் அவங்க கேசரி தின்னாகணும்.”